சோனாப்பூர் கேம்ப் கிளினிக்கின் பின்கதவு

சோனாப்பூர், துபாய்
10.02.2006

அன்பு மருமகள் ஜோதிமணிக்கு,

தாய்மாமன் சேதுபதி எழுதுவது. நான் இங்கே சுகம். நீ அங்கே சுகமாகத்தான் இருப்பாய் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் முறைக்குக் கேட்டுக்கொள்கிறேன்.

நீ எழுதியிருப்பதெல்லாம் நடக்கும் என்று அன்றைக்கே சொன்னவன் நான். நீ ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய அன்று பரமக்குடி பஸ் ஸ்டாண்டில் வைத்து உன் அம்மாவிடம் சொன்னேன்: "அக்கா, இவ போற ஊர்ல கட்டடம் நிக்கும், உள்ள மனுசன் நிக்க மாட்டான். அப்ப இவளத்தான் கூப்புடுவாங்க." அக்கா மறந்திருப்பாள். அன்றைக்கு அவள் ஒரே அழுகை.

இப்போது பார். அந்தப் பாலைவனத்துப் பூர்வகுடிச் சனங்களுக்கு அரசாங்கம் கிளினிக் வைத்துக் கொடுத்திருக்கிறது. அவர்கள் உள்ளே போகாமல் எதிரே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். புதிதாக ஒன்று வரையச் சொல்லி வேலை உன் கைக்கு வந்திருக்கிறது. ஏன் போவதில்லை என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறாய். எப்படிச் சொல்வார்கள்? எங்கள் தொழிலாளர் கேம்ப் கிளினிக் கதையைச் சொல்கிறேன், குறித்துக்கொள்.

அது ஒரே அறை, ஒரே கதவு. கதவுக்கு எதிரே மெஸ் வரிசை. நானூறு பேர் தட்டோடு நிற்பான். உள்ளே போனது யார், எவ்வளவு நேரம் இருந்தான், வெளியே வந்தபோது மூஞ்சி எப்படி இருந்தது, எல்லாம் வரிசைக்குத் தெரியும். படுக்கப் போவதற்குள் அவனவன் ஊருக்கும் தெரிந்துவிடும். அதோடு, விசா புதுப்பிக்கும்போது இங்கே நெஞ்சுப் படம் எடுப்பார்கள். படத்தில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் காலாஸ், கதை முடிந்தது, ஊருக்கு டிக்கெட். அதனால் இருமுகிறவன் எவனும் அந்தக் கதவுப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான்.

நான் விடுவேனா. இன்ஜினியரிடம் நேராகப் போனேன். "சாப், பின்னாடி செவுத்துல ஒரு கதவு வைக்கணும். மெஸ்ஸுக்குத் தெரியாம வரட்டும், தெரியாம போகட்டும்" என்றேன். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சேதுபதி பாய், நீ இருக்க வேண்டிய இடம் இது இல்ல" என்றார். ஒரு வெள்ளிக்கிழமை, லீவு நாளில், நானே சுவரை இடித்து, நிலை வைத்து, பூசி, சாயங்காலத்துக்குள் கதவை மாட்டிவிட்டேன். மறுநாளிலிருந்து கிளினிக்கில் உட்கார இடமில்லை.

இதை உன் படத்தில் சேர்த்துக்கொள். நான் எட்டாவது வரைதான் என்று நினைக்காதே. எட்டாவதை இரண்டு தடவை படித்திருக்கிறேன், ஆக ஒன்பது.

எனக்கு லேசாக இருமல். இங்கே காற்றில் பாதி மணல், அதுதான்.

உன் மாமன்,
சேதுபதி, மேஸ்திரி

---

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
04.03.2006

அன்புள்ள மாமா,

கடிதம் கிடைத்தது. பரமக்குடி பஸ் ஸ்டாண்டில் நீங்கள் இல்லை. அந்த வருஷம் உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை, போனில்தான் பேசினீர்கள். அம்மா அழவும் இல்லை. என் பெட்டியின் பூட்டு சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் உங்கள் பின்கதவு எனக்குப் பயன்படும்.

அந்தக் குடியிருப்பு இங்கிருந்து மண்பாதையில் நாலு மணி நேரம். இப்போதுள்ள கிளினிக் நகரத்தில் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்கியது. தகரச் சுவர். நடுவில் இருட்டாக ஒரு நடை, இரண்டு பக்கமும் அறைகள். ஏசி நின்றால் அடுப்பு மாதிரி ஆகிவிடும். உள்ளே இருப்பவருக்கு வெளியே யார் வருகிறார் என்று தெரியாது. அவர்களுக்கு அதுவே பெரிய சிக்கல். யார் வருகிறார் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் விலக வேண்டியவர் விலக முடியும்.

மூன்றாவது தடவை போனபோது டோரீன் இதை விளக்கினார். ஐம்பது வயது இருக்கும், அந்தச் சனத்திலேயே பிறந்தவர், கிளினிக்கில் சுகாதாரப் பணியாளர். அவர்கள் வழக்கத்தில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் வரக்கூடாது, பேசக்கூடாது, ஒரே அறையில் இருக்கக்கூடாது. பகை இல்லை, மரியாதை. டோரீனின் மருமகனுக்குச் சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். மாமியார் வேலை செய்கிற கட்டடத்துக்குள், ஒரே வாசல் வழியாக, அவர் எப்படி வருவார்? நர்ஸ் மரத்தடிக்குப் போய்க் கட்டுப் போடுகிறார். புழுதிக் காற்று அடிக்கிற நாளில் அதுவும் இல்லை. இப்படியே போனால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள்.

புதிய படத்தில் இரண்டு வாசல் போட்டிருக்கிறேன், கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. பணம் ஒதுக்குகிற அதிகாரி ஒரு வாசல் போதும், இரண்டென்றால் காவலுக்கு இரண்டு ஆள் என்கிறார். அதனால் உங்கள் கேம்ப் கதவை உதாரணமாக அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

இருமலுக்கு டாக்டரைப் பாருங்கள். உங்களுக்குத்தான் பின்கதவு இருக்கிறதே.

ஜோதிமணி

---

சோனாப்பூர்
28.03.2006

அன்பு மருமகளுக்கு,

அறிக்கையில் மாமன் பெயரை மு. சேதுபதி என்று முழுதாகப் போடு. வெறும் சேதுபதி என்றால் ராமநாதபுரம் அரண்மனை ஆள் என்று நினைத்துவிடுவார்கள். நினைத்தாலும் பெரிய தப்பில்லை.

டோரீன் அம்மாவிடம் சொல், எங்களுக்கு அந்த வழக்கம் புதிதில்லை என்று. உன் அத்தையைக் கட்டிய நாளிலிருந்து என் மாமியார் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் அந்த அம்மா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மாப்பிள்ளைக்கு இன்னும் ரசம் வேணுமான்னு கேளு" என்று சுவரிடம் சொல்லும். உன் அத்தை என்னிடம் கேட்பாள். நான் "போதும்னு சொல்லு" என்பேன். அத்தை திரும்பி, "போதுமாம்" என்பாள். மூன்று பேரும் ஒரே வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்போம். ஒரு தடவை வீட்டில் அத்தை இல்லை. அந்த அம்மா பூனையிடம் சொன்னது, "ரசம் வேணுமான்னு கேளு." நான் பூனையிடம் வேணும் என்றேன்.

உன் கட்டடத்துக்குக் காற்றுக்கோபுரம் ஒன்று வை. பர்துபாயில் பழைய வீடுகளைப் புதுப்பித்தபோது அந்தக் கோபுரங்களுக்குச் சுண்ணாம்பு பூசியவன் நான். மேலே நாலு பக்கமும் காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கும். கரண்ட் மாஃபி, தேவையே இல்லை. நான் பூசி முடித்த வீட்டில் ஒரு ஷேக் வந்து உட்கார்ந்தார். சித்திரை வெயில். கொஞ்ச நேரத்தில் போர்வை கேட்டார்.

இருமல் விஷயம். கிளினிக்கில் நேசையன் என்று ஒரு ஆண் நர்ஸ், குளச்சல்காரன். "அண்ணாச்சி, ஒம்ம இருமலு எங்க ரூமு வர கேக்கு. வந்து ஒரு படம் எடுத்துட்டுப் போவும்" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். சரி என்று போன வாரம் பின்கதவு வழியாகப் போய் வந்தேன். ஒரு ஈ காக்கை பார்க்கவில்லை. டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, இது குதிரையின் நெஞ்சு என்று இங்கிலீஷில் சொன்னார். நேசையன் சாட்சி. ஆனால் அவனிடம் கேட்காதே, அவனுக்குப் பொறாமை.

உன் மாமன்,
மு. சேதுபதி, போர்மேன் (பொறுப்பு)

---

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
20.04.2006

அன்புள்ள மாமா,

டோரீனிடம் ரசக் கதையைச் சொன்னேன். நிறையச் சிரித்தார். பூனை பெண்ணா ஆணா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அது முக்கியம் என்றார். பிறகு என் படத்தை மண்ணில் விரிக்கச் சொல்லி, முதல் தடவையாக விரலை வைத்துப் பேசினார்.

காற்றுக்கோபுரம் வேண்டாமாம். கட்டடத்துக்குத் தெற்கே ஒரு குன்று இருக்கிறது. அது அவர்களுடைய கதைகளில் வருகிற குன்று. எங்கே உட்கார்ந்தாலும், படுத்திருந்தாலும், அது கண்ணில் பட வேண்டும், உயரமாக எதுவும் முன்னால் வரக்கூடாது என்றார். அதனால் நோயாளி படுக்கிற அறைகளில் ஜன்னலைத் தாழ்வாக இறக்கியிருக்கிறேன். காற்றுக்கு அகலமான தாழ்வாரம், சுற்றிலும். சுவர், அந்த இடத்து மண்ணையே அச்சுக்குள் கொட்டி அடுக்கடுக்காக இடித்து எழுப்புவது. வெயிலின் சூடு சுவரைத் தாண்டி உள்ளே வர மாலை ஆகிவிடும், அதற்குள் வெளியே குளிர்ந்துவிடும். கூரைத் தண்ணீர் தொட்டிக்குப் போகிறது. மரத்தடியை அப்படியே விட்டுவிட்டேன். அதுதான் காத்திருக்கும் இடம், இப்போதும் அதுதானே. அங்கே தீ மூட்டிக்கொள்ள ஒரு வட்டம் கேட்டார்கள், போட்டிருக்கிறேன்.

ஒரு சங்கடம். அதிகாரி உங்கள் கதையைப் படித்துவிட்டார். கேம்பின் பெயரும் கதவின் புகைப்படமும் வேண்டுமாம். கதவு வந்த பிறகு எத்தனை பேர் கூடுதலாக வந்தார்கள் என்றும் கேட்கிறார். விசாரிக்காமல் எழுதியது என் அவசரம். படம் ஒன்று அனுப்ப முடியுமா?

டாக்டர் மருந்து ஏதாவது கொடுத்தாரா?

ஜோதிமணி

---

சோனாப்பூர்
15.05.2006

அன்பு மருமகளுக்கு,

கேம்புக்குள் காமிரா கூடாது. கம்பெனியின் பெயரைச் சொன்னால் மற்ற கம்பெனிக்காரர்கள் கதவு யோசனையைத் திருடிவிடுவார்கள், அதனால் பெயரும் வேண்டாம். எத்தனை பேர் என்று அந்த அதிகாரி கேட்டால், நிறைய என்று எழுது.

ஆனாலும் நீ கேட்டு நான் இல்லை என்று சொன்னதில்லை. மெஸ் சமையல்காரன் செய்கு முகம்மது, கீழக்கரை, அவனிடம் காமிரா இருக்கிறது. எடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். கதவுக்கு முன்னால் நிற்பது நானேதான். கதவு கொஞ்சம் வேலைப்பாடாகத் தெரிந்தால் ஆச்சரியப்படாதே. தொழிலாளி என்றால் தகரக் கதவுதானா, அவனும் தேக்குக் கதவு வழியாகப் போகட்டுமே என்று வாதாடி வாங்கியவன் நான்.

படத்தில் இளைத்த மாதிரி தெரிந்தால் அது செய்கு முகம்மது காமிராவைக் கோணலாகப் பிடித்தது.

மருந்து கொடுத்தார். சிவப்பு நிறம். நல்ல மருந்து.

உன் மாமன்,
மு. சேதுபதி, சைட் சூப்பர்வைசர்

---

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
12.06.2006

அன்புள்ள மாமா,

படம் வந்தது. கதவுக்குப் பித்தளைக் குமிழ் இருக்கிறது. பக்கத்தில் காகிதப்பூக் கொடி. உங்கள் தோளுக்குப் பின்னால் நீச்சல் குளத்தின் ஏணி தெரிகிறது. நீங்கள் இளைத்திருக்கிறீர்கள். காமிரா நேராகத்தான் இருக்கிறது.

அறிக்கையிலிருந்து உங்கள் பகுதியை எடுத்துவிட்டேன். அதிகாரியிடம், சரிபார்க்காமல் எழுதிவிட்டேன் என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். இரண்டாவது வாசல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் அவர் குடியிருப்புக்கு வந்தார். பழைய கிளினிக்குக்குள் கூட்டம். டோரீன் உள்ளே இருந்தார். சம்பந்தப்பட்ட நோயாளியிடமே கேட்டுவிடலாம் என்று அதிகாரி மருமகனைக் கூப்பிடச் சொன்னார். அவர் வந்து சுவருக்கு வெளியே நின்றுவிட்டார். உள்ளே வாருங்கள் என்றால் வரவில்லை. அதிகாரி கேள்வியைச் சொல்ல, ஒருவர் வெளியே போய்க் கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். டோரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் எப்படி இருக்கிறது என்ற கேள்வி வெளியே போயிற்று. வலிக்கிறது என்ற பதில் உள்ளே வந்தது. இப்படி மதியம் வரை. எனக்கு உங்கள் வீட்டு ரசம்தான் நினைவுக்கு வந்தது.

கிளம்பும்போது அதிகாரி, இரண்டு வாசல் இருக்கட்டும் என்றார். காவலாளைப் பற்றிப் பேசவில்லை.

கதவைப் பற்றி நான் உங்களிடம் எதுவும் கேட்கப் போவதில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்பதை மட்டும் எழுதுங்கள்.

ஜோதிமணி

---

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
08.04.2007

அன்புள்ள மாமா,

போன ஜூனில் எழுதியதற்குப் பதில் இல்லை. பொங்கலுக்கு எழுதியதற்கும் இல்லை. அம்மாவோடு போனில் பேசுகிறீர்கள் என்று தெரியும். பேச்சை விட இருமல்தான் அதிகம் கேட்கிறது என்கிறாள்.

கிளினிக் திறந்து மூன்று வாரம் ஆகிறது. படங்கள் இணைத்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் யாரும் வரவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் டோரீன் கிழக்கு வாசலில் வந்து நின்று யாருக்கோ கையசைத்துவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் மருமகன் மேற்கு வாசல் வழியாக வந்தார். கூப்பிடாமல் வந்தார். புண்ணைச் சுத்தம் செய்து கட்டினார்கள். அவர் பின்னாலிருந்து எடுத்த படம் ஒன்று இருக்கிறது, அவர் அனுமதியோடு எடுத்தது. கால் தப்பிவிடும் என்று டாக்டர் சொல்கிறார், தவறாமல் வந்தால். வருகிறார்.

ஜூனில் உங்களுக்கு விசா புதுப்பிக்க வேண்டும், நெஞ்சுப் படம் எடுப்பார்கள் என்று அம்மா சொன்னாள். அங்கே முதல் தடவையாகத் தெரிந்துகொள்வதை விட முன்பே தெரிந்துகொள்வது நல்லது. இதற்கும் பதில் வராவிட்டால் நான் இனிமேல் கேட்க மாட்டேன்.

ஜோதிமணி

---

சோனாப்பூர்
27.04.2007

அன்பு மருமகள் ஜோதிமணிக்கு,

படங்கள் வந்தன. செய்கு முகம்மது ஒன்றை வாங்கி மெஸ் சுவரில் ஒட்டிவிட்டான். பார்க்கிறவனிடமெல்லாம், "எங்க அக்கா மக கட்டுனது" என்று சொல்கிறேன். பாதிப்பேர் நம்பவில்லை. உண்மையைச் சொன்னாலும் என் வாய்க்கு அப்படி ஒரு ராசி.

பூச்சில் குறை சொல்லலாம் என்று பார்த்தேன். நீ பூசவே இல்லை. மண் அடுக்கடுக்காக அப்படியே தெரிகிறது, வரிக்கு வரி ஒரு நிறம். பூசியிருந்தால் கெட்டுப்போயிருக்கும். இதைச் சொல்வது பூச்சு வேலையில் தலை நரைத்தவன்.

அந்த மருமகன் படத்தைத்தான் நிறைய நேரம் பார்த்தேன். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்து குன்றைப் பார்க்கிறார். யாருக்கோ பயந்து ஒளிந்து வந்தவர் மாதிரி இல்லை. தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறார்.

நேசையனும் பார்த்தான். "அண்ணாச்சி, அந்த மனுசனுக்கு நடக்க ஒரு வாசல் இருந்தாப் போதும், வந்துட்டாரு. ஒமக்கு என்ன வேணும், தோரணம் கட்டணுமா?" என்றான். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன், இருமல் முந்திக்கொண்டது. அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

நாளைக் காலையில் போகிறேன். மெஸ் வரிசை நிற்கிற நேரம்தான் டாக்டர் வருகிற நேரம். நேசையன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகச் சொல்லியிருக்கிறான். செய்கு முகம்மது பரோட்டாக் கூடையை வரிசையின் அந்தக் கோடிக்குத் தூக்கிக்கொண்டு போய் எல்லாரையும் அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறானாம். நானூறு பேரும் திரும்புவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பார்த்தால் பார்க்கட்டும்.

படத்தில் என்ன தெரிந்தாலும் அக்காவுக்கு நானே சொல்கிறேன். நீ முந்திக்கொள்ளாதே.

பின்கதவு இருக்க, எதற்கு வரிசையின் கண் முன்னால் போகிறீர்கள் மாமா என்று நீ கேட்க மாட்டாய். நீ எப்போதோ கண்டுபிடித்துவிட்டாய். ஆனாலும் என் கையால் எழுதிவிடுகிறேன் தாயி. மாமியாரும் ரசமும் உண்மை, பூனையும் உண்மை. சுண்ணாம்பு பூசியது உண்மை. போர்வை கேட்ட ஷேக் பாதி உண்மை. பின்கதவு கிடையாது. நான் இன்ஜினியரிடம் கேட்டதும் இல்லை. அந்த இடத்தில் இன்றைக்கும் சுவர்தான் இருக்கிறது.

சேதுபதி,
கொத்தனார்